கூன் விழுந்த பொம்மை

திருக்கோகர்ணம்
10-6-1937

அன்புள்ள தங்கச்சி சொர்ணத்துக்கு அக்காள் பிரகதாம்பாள் எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் எனக்கு உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. நீயும் மாப்பிள்ளை உடையப்பனும் கொழும்பு மழையில் நனைந்து சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா?

போன வாரம் பொன்னமராவதியிலிருந்து அவுக அண்ணன் நல்லதம்பி வந்திருந்தார். ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுத் தையல் மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். "தம்பி செத்து ஆறு வருஷமாச்சு. மிஷின் சும்மாத்தானே கெடக்கு. தை மாசம் வண்டி கட்டிக்கிட்டு வாரேன். மிஷினையும் ஏத்திக்கிட்டு ஒன்னையும் ஏத்திக்கிட்டுப் போறேன். ஆத்தாளுக்கும் அங்கிட்டு ஒரு தொணையாச்சு" என்றார். முதலில் மிஷின், அப்புறம் நான். ஏற்றும் வரிசைகூட அவருக்குத் தெளிவாக இருக்கிறது.

என் மாமியார் இருளாயி அத்தை மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மாமா போனதிலிருந்து முப்பது வருஷமாக அந்த வீட்டு மூலையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அந்த மூலையில் இன்னொருத்திக்கும் இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் போக மாட்டேன். தைக்குள் இந்த மிஷின் விடாமல் ஓடுவதை நல்லதம்பி கண்ணால் பார்க்க வேண்டும்.

தைக்கத் துணி வராமல் இல்லை. இப்போது நம் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் ரவிக்கை கேட்கிறார்கள். கடைத்தெருத் தையல்காரர் முன்னால் போய் நிற்க வெட்கப்பட்டு என்னிடம் வருகிறார்கள். ஆனால் தாலி கட்டிக்கொண்டவர்களை நான் தொட்டு அளவெடுக்கக் கூடாதாம். பழைய சட்டையை அளவுக்குப் போட்டுவிட்டுப் போகிறார்கள். பழையதில் இருக்கிற தப்பெல்லாம் புதியதிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நானே போட்டுப் பார்த்துத் திருத்தலாம் என்றால், எனக்குத்தான் ரவிக்கையே ஆகாதே. அவுக போன பதினாறாம் நாள் கழற்றியது.

உன் பக்கத்து வீட்டுப் பறங்கி அம்மாள் தலையில்லாத பொம்மைக்குச் சட்டை மாட்டித் தைக்கிறாள் என்று ஒரு தடவை எழுதியிருந்தாயே. அதை எப்படிச் செய்தாள் என்று கேட்டு ஒன்றுவிடாமல் எழுது. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லு.

உன் அக்காள்,
பிரகதாம்பாள்


கொழும்பு
2-7-1937

என் பிரியமுள்ள அக்காவுக்குச் சொர்ணம் கும்பிட்டு எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் சுகம். சளி பிடித்தது, போய்விட்டது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அதை முதலில் எழுது.

பறங்கி அம்மாளிடம் கேட்டேன். அவள் பேசும் தமிழில் பாதி எனக்குப் புரியாது. நான் பேசும் தமிழில் அவளுக்கு முக்கால்வாசி புரியாது. ஆனாலும் கையைக் காலை ஆட்டிச் சொல்லிவிட்டாள். சீமையிலிருந்து விலைக்கு வரும் பொம்மை வேறு. அவளுடையது அவளே வீட்டில் செய்தது. உடம்போடு ஒட்டின மாதிரி ஒரு பனியனைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். காக்கித்தாளை இரண்டு விரல் அகலத்துக்கு நாடா நாடாவாகக் கிழித்துப் பசையில் நனைத்து, கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிக்கொண்டே வர வேண்டும். மூன்று அடுக்காவது வேண்டும். காய்ந்து விறைத்ததும் முதுகில் கத்தரியால் நேராக வெட்டிக் கழற்றி, வெட்டின இடத்தை மறுபடி ஒட்டி, உள்ளே பஞ்சோ கந்தலோ அடைத்துவிட்டால் ஆள் தயார். பெரிய உடம்புக்குத் தைக்கும்போது அதன் மேல் துணியைச் சுற்றிப் பருமனாக்கிக்கொள்ளலாமாம்.

வாயும் இல்லை, நடக்கவும் தெரியாது. என் மாமியார் பார்த்தால் இப்படி ஒரு மருமகள் கிடைக்கவில்லையே என்று ஏங்கிப்போவார்.

யாரை நிறுத்தி ஒட்டப்போகிறாய்?

இப்படிக்கு உன் தங்கச்சி,
சொர்ணவல்லி


திருக்கோகர்ணம்
5-8-1937

சொர்ணத்துக்கு அக்காளின் ஆசிகள். வேளைக்குச் சாப்பிடுகிறேன், போதுமா? ஆடிக் காற்று வீட்டுக்குள் மண்ணை வாரிக் கொட்டுகிறது. மற்றபடி சுகம். அங்கே எப்படி?

காக்கித்தாளுக்கு ஜவுளிக் கடைகளில் சொல்லி வைத்தேன். பசைக்குப் புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி அரைத்துக் காய்ச்சினேன். கரப்பான் தின்னாமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் போட்டேன். எல்லாம் தயார். நிற்கத்தான் ஆள் இல்லை.

எதிர்வீட்டுக் கீரைக்காரி ராக்காயி முதலில் சரி என்றாள். அவள் புருஷன் மூக்கன் வந்து ஒரே சத்தம். "உசுரோட இருக்கவளுக்கு உருவாரம் செய்வாகளா? கோயிலுக்கு நேந்து வைக்கிற மண் பொம்மையா இவ? ஆயுசு கொறைஞ்சு போச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றான். அதற்கப்புறம் தெருவில் ஒருத்தியும் என் வாசல் பக்கம் வரவில்லை. என்னைக் கண்டால் தங்கள் உடம்பை முந்தானையால் மூடிக்கொண்டு போனார்கள், நான் பார்வையாலேயே அச்செடுத்துவிடுவேன் என்கிற மாதிரி.

கடைசியில் ஒரு ஆள் கிடைத்தது. ஒட்டிக்கொடுக்கிறதற்கு மட்டும் ராக்காயி வந்தாள். அதில் ஆயுசு குறையாதாம். நனைந்த தாள் ஒட்ட ஒட்ட அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வெயிலில் நின்று காய்ந்து, வெட்டிக் கழற்றி, தேங்காய் நாரும் கந்தலும் அடைத்து, உடைந்த உலக்கையில் செருகி, உலக்கையை உரல் குழியில் நிறுத்தியாயிற்று.

ஆனால் சரியாக வரவில்லை. தோள் இரண்டும் முன்னால் விழுந்து, முதுகு வளைந்து, கூனாக நிற்கிறது. அதை வைத்து ராக்காயிக்கு ஒரு சட்டை தைத்துப் பார்த்தேன். முன்னால் தூக்கிக்கொண்டது, முதுகில் பையாகத் தொங்கியது. "நான் கீரைக்கூடையைத் தலையில சொமக்கேன், முதுகுல இல்லையே" என்று கேட்டாள். பொம்மையைப் பரணில் ஏற்றிவிட்டேன். விடப்போவதில்லை. மறுபடி செய்வேன்.

அன்புடன்,
பிரகதாம்பாள்


கொழும்பு
24-8-1937

அக்காவுக்கு வணக்கம். உன் கடிதத்தை வாசித்துக் காட்டி அவுகளும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உனக்குக் கண் எரிச்சல் இருந்ததே, தேவலையா?

யாரக்கா அந்தக் கூனி? திருக்கோகர்ணத்தில் அப்படி ஒருத்தி இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லையே. யாரை நிறுத்தினாய் என்று இதோடு இரண்டு தடவை கேட்டாயிற்று.

நல்ல சேதி ஒன்று. என் நாத்தனார் செவந்திக்குக் கார்த்திகையில் அறந்தாங்கியில் கல்யாணம். முகூர்த்தச் சட்டையை நீதான் தைக்க வேண்டும் என்று அவுகளை வைத்து மாமியாருக்கு எழுத வைத்தேன். மாமியார் சம்மதித்துவிட்டார். அரக்குப் பட்டு. அந்தக் கல்யாணத்துக்கு வருகிற பெண்களெல்லாம் சட்டையைப் பார்ப்பார்கள். தைக்கு முன்னால் உன் மிஷினுக்கு ஓய்வே இருக்காது. பொம்மையைச் சீக்கிரம் நேராக்கு.

உன் சொர்ணம்


திருக்கோகர்ணம்
12-9-1937

அன்புள்ள சொர்ணம், கண் தேவலை. இங்கே மழை ஒன்றுமில்லை. உங்கள் சுகத்துக்கு அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

அந்தக் கூனி நான்தான்.

ஒருத்தரும் நிற்காததால் நானே நின்றேன். எனக்கு இனிமேல் ஆயுசு குறைந்து என்ன கெட்டுப்போகும் என்று ராக்காயிகூட யோசித்திருப்பாள், வாயால் சொல்லவில்லை. உனக்கும் எழுதக் கூச்சமாக இருந்தது. அவுக பனியன் இரண்டு பெட்டியில் கிடந்தன. அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் நின்றேன்.

பொம்மையைக் கழற்றி உரலில் நிறுத்திவிட்டுச் சுற்றி வந்து பார்த்தபோது யாரோ கிழவி என்று நினைத்தேன். எனக்கு முப்பதுதான் ஆகிறது. என் முதுகை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆறு வருஷமாகச் சட்டை இல்லாமல், எங்கே விலகுமோ எங்கே விலகுமோ என்று ஒரு கை முந்தானையையே பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கை இழுத்து இழுத்துத் தோள் விழுந்துவிட்டது, தோளோடு முதுகும் போய்விட்டது. எனக்குத் தெரியவே தெரியாது சொர்ணம். உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து முகத்தைக் கழுவிவிட்டு மறுபடி புளியங்கொட்டை வறுத்தேன்.

இந்தத் தடவை ராக்காயி இன்னொரு உலக்கையைக் கொண்டுவந்து என் முதுகில் நெட்டுக்கு வைத்துப் பார்த்தாள். "ஒலக்கை முழுசும் முதுகுல படணும். படல. இன்னும் நிமிரு" என்று அதட்டினாள். ஒரு மாதம் தினம் அப்படி நின்று பழகினேன். ஒட்டுகிற அன்றைக்கு இரண்டு பக்கமும் கம்பை ஊன்றி ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டேன், முந்தானையைத் தேடிக் கை போகாமல் இருக்க. முதுகு விண்விண் என்று வலித்தது. அசையவில்லை.

புதுப் பொம்மை நேராக நிற்கிறது. ராக்காயிக்குத் தைத்த இரண்டாவது சட்டை ஒரு சுருக்கமில்லாமல் உட்கார்ந்தது. இரண்டு பனியனும் போயிற்று. அவுக இருந்தால் இரண்டையும் பாழாக்கிவிட்டாயே என்று கத்தியிருப்பாக. சட்டையைப் பார்த்ததும் சும்மா இருந்திருப்பாக.

செவந்தியின் அளவை அனுப்பச் சொல்லு. பட்டைச் சீக்கிரம் வெட்ட வேண்டும்.

பிரகதாம்பாள்


கொழும்பு
30-9-1937

என் அக்காவுக்கு, நாங்கள் சுகம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது நீ எவ்வளவு நிமிர்ந்து நடப்பாய்! உன் பின்னால் வருகிற எனக்கு உன் சடை ஆடுவது மட்டும்தான் தெரியும். உன் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் நான் பள்ளிக்கூடத்துக்கு வழி கற்றேன். போன தடவை ஊருக்கு வந்தபோது நான் அதைக் கவனிக்கவே இல்லையே, அக்கா. கூடவே இருபது நாள் இருந்தேனே.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பொம்மை உன் அளவு என்று யாரிடமும் சொல்லாதே. முகூர்த்தச் சட்டை. என் மாமியாரை உனக்குத் தெரியும். கேட்டால் ராக்காயி அளவு என்று சொல்லிவிடு. ராக்காயிக்குத் தாலி இருக்கிறது, போதும். உன் மிஷின் உன்னிடமே இருக்க வேண்டாமா?

செவந்தி தன் அளவுக்குக் கயிற்றில் முடிச்சுப் போட்டு உனக்கே அனுப்பியிருக்கிறாள். அடுத்த தபாலில் வரும்.

சொர்ணம்


திருக்கோகர்ணம்
9-11-1937

சொர்ணத்துக்கு, இங்கே ஐப்பசி மழை கொட்டுகிறது. ஊறணிக் குளம் நிரம்பிவிட்டது. நான் சுகம். நீயும் சுகமாக இரு.

செவந்தியின் கயிற்றைப் பொம்மை மேல் வைத்துப் பார்த்தேன். முடிச்சுக்கு முடிச்சு ஒன்றாக இருக்கிறது. ஒரு பொட்டுத் துணிகூடச் சுற்ற வேண்டியிருக்கவில்லை. எனக்கே ஆச்சரியம். அந்தச் சட்டையை நான் தைத்த மாதிரி இதுவரை எதையும் தைத்ததில்லை. கையைத் தூக்கினால் அக்குளில் பிடிக்காது, குனிந்தால் முதுகு ஏறாது.

நேற்று உன் மாமியார் வந்தார். பொம்மை மேல் சட்டையைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இடுப்பிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துப் பொம்மையின் கழுத்தில் ஒரு பொட்டு வைத்தார். "மகாலெச்சுமி நிக்கிற மாதிரியில்ல இருக்கு! யாரு அளவு இது?" என்றார்.

நீ எழுதியது ஞாபகம் இருந்தது. ராக்காயி பக்கத்தில்தான் நின்றாள், நான் சொல்லப்போகிற பொய்க்குத் தயாராகத் தலையைக்கூட ஆட்ட ஆரம்பித்துவிட்டாள். ஆனால் சொர்ணம், அந்தப் பொம்மை நேராக நிற்கிறது. அதன் பக்கத்தில் நின்றுகொண்டு கூனிப்போய் ஒரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"என் அளவுதான்" என்றேன்.

உன் மாமியார் விரலில் இருந்த குங்குமத்தைச் சுவரில் துடைத்தார். "அறுத்தவ ஒடம்பு அளவுல தைச்ச சட்டையை எம் மக மேல போடவா? இது எங்க வீட்டு வாசப்படி ஏறப்படாது. நீயே வச்சுக்க" என்று சொல்லிவிட்டு மழையிலேயே இறங்கிப் போய்விட்டார்.

உனக்கு அங்கே சங்கடம் வரும். அதற்குத்தான் வருத்தப்படுகிறேன். சொன்னதற்கு வருத்தப்படவில்லை. உடனே பதில் எழுது.

பிரகதாம்பாள்


திருக்கோகர்ணம்
20-12-1937

சொர்ணம், உன் கடிதம் இல்லை. கப்பல் தாமதமா, உடம்பு சரியில்லையா, இல்லை என் மேல் கோபமா? எதுவானாலும் இரண்டு வரி எழுதக் கூடாதா?

கல்யாணத்துக்கு முன்னாலேயே சேதி தெருவெல்லாம் வந்துவிட்டது. தைக்கக் கொடுத்த துணிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். போட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று உடுத்திக்கொண்டிருந்தவர்களும் கழற்றிவிட்டார்களாம். மிஷின் மேல் சாக்கைப் போட்டு மூடினேன். தை இன்னும் மூன்று வாரத்தில் பிறக்கிறது.

நேற்று அந்தச் சாக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பொம்மை மேல் அரக்குப் பட்டு அப்படியே இருந்தது. இது யாருக்கும் ஆகாத சட்டை. எனக்கும் எதுவும் ஆகாது. இரண்டும் ஒன்றாக இருந்தால் யாருக்கு என்ன போயிற்று என்று தோன்றியது. கதவைத் தாழிட்டுவிட்டு எடுத்துப் போட்டேன்.

முதல் கொக்கி மாட்டவில்லை. பயத்தில் பழையபடி கூனிக்கொண்டிருக்கிறேன் போல. ராக்காயியின் உலக்கையை நினைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். மாட்டியது. கொஞ்சம் தளர்ந்தால் தோளில் இழுக்கிறது, நிமிர்ந்தால் உடம்போடு உடம்பாக இருக்கிறது. நானே தைத்த சட்டை என்னை நிற்க வைக்கிறது.

அப்புறம் கதவைத் திறந்தேன். இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு ஊறணிக்குப் போனேன். ஆறு வருஷமாக ஒரு குடம்தான் எடுப்பேன், இன்னொரு கை முந்தானைக்கு. நேற்று இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. வெள்ளைச் சேலைக்கு உள்ளே அரக்குச் சட்டை எத்தனை தூரத்துக்குத் தெரியும் என்று உனக்குத் தெரியும். எல்லாரும் பார்த்தார்கள். பயமாகத்தான் இருந்தது. தண்ணீர் சிந்தாமல் வந்து சேர்ந்தேன்.

நீ கோபமாக இருந்தாலும் சுகமாக இரு.

பிரகதாம்பாள்


கொழும்பு
8-1-1938

அக்காவுக்கு, கோபமில்லை. "கொஞ்ச நாள் ஒங்க அக்காவுக்குக் காயிதம் போடாதே, ஆத்தா சமாதானமாகட்டும்" என்று அவுக சொன்னாக. நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பறங்கி அம்மாளின் பொம்மை மாதிரி இருந்தேன். நீ இரண்டு குடம் எடுத்துக்கொண்டு நடந்த கடிதத்தை அவுக முன்னாலேயே சத்தமாக வாசித்தேன். தபால் தலை வாங்கிவர அவுகதான் போனாக.

செவந்தியின் முகூர்த்தத்துக்குக் கடைத்தெருவில் தைத்த சட்டை, மாலை மாற்றக் கையைத் தூக்கினதும் அக்குளில் பிரிந்துவிட்டதாம். சால்வையைப் போர்த்தி உட்கார வைத்தார்களாம். பாவம் அந்தப் பெண். நான் சிரிக்கக் கூடாது. சிரித்துவிட்டேன்.

இதோடு துணியும் என் அளவுக்கு முடிச்சுப் போட்ட கயிறும் அனுப்பியிருக்கிறேன். எனக்கு நான்கு சட்டை தை. உன் கையால் தைக்காத சட்டை எனக்கு இனி வேண்டாம் என்று அவுகளிடம் சொல்லிவிட்டேன். நல்லதம்பி வரும்போது என் துணியாவது மிஷின் மேல் இருக்கட்டும். என்ன ஆயிற்று என்று எழுதும் வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது.

உன் தங்கச்சி,
சொர்ணவல்லி


திருக்கோகர்ணம்
2-2-1938

என் கண்ணான சொர்ணத்துக்கு அக்காள் எழுதுவது. நல்ல சுகம். இனி நீ தூங்கலாம்.

நல்லதம்பி சொன்னபடியே வண்டியோடு வந்தார். மருமகளைக் கூட்டிப்போக ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்று இருளாயி அத்தையையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். நான் மிஷினில் உன் சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை.

"என்ன கோலம் இது?" என்றார், என் கையைப் பார்த்து.

"சட்டை" என்றேன்.

"அவுத்துட்டு வண்டியில ஏறு. மிஷினைத் தூக்கணும்."

"தைச்சுக்கிட்டு இருக்கேன்ல. மிஷின் ஓடுறது ஒங்களுக்குக் கேக்கலையா?"

அவர் குரலை உயர்த்த ஆரம்பித்தார். அத்தை உள்ளே வந்தார். ஒரு கை முந்தானையை மார்போடு பிடித்திருந்தது, இன்னொரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். பொம்மையைச் சுற்றி வந்து பார்த்தார். அப்புறம் என் பக்கத்தில் வந்து என் சட்டைக் கையை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"குளிருக்கு நல்லாருக்குமோ?"

"நல்லாருக்கும் அத்தை."

"ஏலே, நீ வெளிய நில்லு" என்றார் மகனிடம். அவர் நின்றார். "எனக்கு ஒண்ணு தை. வெள்ளையில. நிமிரச் சொல்லாத, எனக்கு இனிமே நிமிராது."

பரணில் ஏறிப் பழைய பொம்மையை இறக்கினேன். தூசியைத் துடைத்து அத்தை பக்கத்தில் நிறுத்தினேன். அதே தோள், அதே வளைவு. அத்தை உற்றுப் பார்த்தார். "இது என்னைய மாதிரியே இருக்கே. யாரு இது?"

"நான்தான் அத்தை. ஆடி மாசத்துல இப்படித்தான் இருந்தேன்."

அத்தை என் முதுகில் கையை வைத்தார். எடுக்கவே இல்லை. எனக்கு அழுகை வந்தது, ஆனால் கத்தரி கையில் இருந்தது.

கூன் பொம்மை மேல் வைத்தே வெட்டினேன். முதுகுக்குத் துணி கூட விட்டு, முன்னால் குறைத்து, வளைவுக்கு வளைவு. ராக்காயிக்குத் தப்பாக வந்ததெல்லாம் அத்தைக்குச் சரியாக வந்தது. சாயங்காலத்துக்குள் முடித்து அவருக்குப் போட்டுவிட்டேன். அத்தை வெளியே வந்ததும் மகனைப் பார்த்து, "மிஷின் இங்கிட்டே கெடக்கட்டும்டா. எனக்கு மாத்துச் சட்டை வேணும்ல" என்றார். அவர் என்னைப் பார்த்தார், ஆத்தாளைப் பார்த்தார், மாட்டைப் பூட்டப் போனார்.

இதற்குள் பின்வாசல் வழியாக இரண்டு பேர் வெள்ளைத் துணியோடு வந்து போய்விட்டார்கள், இரண்டு பேரும் என்னைப் போன்றவர்கள்தான். நேராக நிற்கிறவர்களுக்கு ஒரு பொம்மை, நிற்க முடியாதவர்களுக்கு ஒரு பொம்மை. என்னிடம் இரண்டும் இருக்கிறது.

வண்டி புறப்படும்போது அத்தையைத் தூக்கிவிட நல்லதம்பி கை நீட்டினார். அத்தை அதைத் தள்ளிவிட்டார். முந்தானையை அது பாட்டுக்கு விட்டுவிட்டு, வண்டிச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தானே ஏறி உட்கார்ந்தார்.

உன் அக்காள்,
பிரகதாம்பாள்